அர்ஜென்டினாவில் டிரவுட், தணலில் சுட்ட மாட்டிறைச்சி, மால்பெக்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் பிடிக்கிற மீனைச் சாப்பிடப் போவதில்லை. அர்ஜென்டினாவின் தென்பகுதியான படகோனியாவில் பெரும்பாலான ஆறுகளில் டிரவுட் மீனைப் பிடித்தவுடன் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பகலில் மீன் விளையாட்டு, ராத்திரித் தட்டில் மாட்டிறைச்சி, கூடவே ஒரு கோப்பை மால்பெக் என்ற சிவப்பு ஒயின். மீனைக் கூடை நிறையக் கொண்டுவந்து பொரித்துத் தின்ன வேண்டும் என்ற ஆசையோடு போகிறவருக்கு இந்த ஊர் சரிப்படாது. மற்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நாடு கிடைப்பது கஷ்டம். மீன், இறைச்சி, ஒயின் மூன்றும் அங்கே ஒரே நாளின் காலை, மதியம், இரவு போல வந்து சேரும்.

சிக்கல் தொலைவில் இருக்கிறது. அர்ஜென்டினா மிக நீளமான நாடு. டிரவுட் ஆறுகள் தெற்கே ஆண்டிஸ் மலையடியில், பேர்போன ஒயின் தோட்டங்கள் மேற்கே மெண்டோசாவில், மாடு மேயும் பம்பாஸ் சமவெளி புவெனஸ் ஐரிஸைச் சுற்றி. வரைபடத்தைப் பார்த்துவிட்டு மூன்றையும் ஒரே வாரத்தில் ஓடிப் பிடிக்கத் திட்டம் போடுகிறவர்கள் பாதி நாளை விமான நிலையத்தில் கழிப்பார்கள். மீன்பிடி ஊரில் போய் உட்கார்ந்துகொண்டால் இறைச்சியும் ஒயினும் நம்மைத் தேடி வரும். கீழே வரும் யோசனைகள் எல்லாம் இந்த எண்ணத்தில் எழுதியவைதான்.

எந்த மீன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

முதல்முறை போகிறவருக்கு என் சிபாரிசு நெவுக்கேன் மாகாணத்தில் உள்ள ஹுனின் தெ லோஸ் ஆண்டிஸ். சின்ன ஊர். டிரவுட்டின் தேசியத் தலைநகரம் என்று பெயர் எடுத்தது. சிமேவின், மஷேயோ, அலுமினே, கொஷோன் குரா ஆகிய ஆறுகள் எல்லாம் அங்கிருந்து காரில் போய்வரும் தூரம். வேச்சுலாஃப்கென் ஏரியிலிருந்து சிமேவின் ஆறு புறப்படும் வாயில், பின்னால் பனி மூடிய லானின் எரிமலை தெரிய நின்று தூண்டில் வீசுவதற்கென்றே உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். சாப்பாடு, கடைத்தெரு, கொஞ்சம் நடமாட்டம் வேண்டும் என்றால் 40 கிலோமீட்டர் தள்ளி சான் மார்ட்டின் தெ லோஸ் ஆண்டிஸில் தங்கலாம். மீன் பிடிக்காத துணையோ குழந்தைகளோ கூட வந்தால் பாரிலோச்சே இன்னும் வசதி. ஏரி, படகு, மலை நடை எல்லாம் இருக்கிறது. லிமாய் ஆறும் பக்கத்திலேயே.

டிரவுட் அந்த மண்ணின் மீன் அல்ல. 1904-இல் அமெரிக்காவிலிருந்து முட்டைகளாகக் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள். குளிர்ந்த தெளிந்த நீர், போட்டிக்கு ஆள் குறைவு, தின்ன நண்டும் சிறுமீனும் ஏராளம். பிறந்த ஊரைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. வானவில் டிரவுட், பழுப்பு டிரவுட், புரூக் டிரவுட் ஆகிய மூன்றையும் எதிர்பார்க்கலாம்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. தெற்குக் கோடியில் தியெர்ரா தெல் ஃபுவேகோவின் ரியோ கிராந்தே ஆற்றில், கடலுக்குப் போய்க் கொழுத்துத் திரும்பும் பழுப்பு டிரவுட் கிடைக்கும். 10 கிலோவைத் தாண்டும் மீன்கள் உண்டு. ஆனால் அங்கே விடுதிகள் வாரக் கணக்கில் முன்பதிவாகின்றன, செலவும் அதிகம், காற்று ஆளைச் சாய்க்கும். புதியவர் பணத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். வடக்கே பரானா ஆற்றிலும் இபெரா சதுப்பு நிலங்களிலும் தொராதோ என்ற பொன்னிற மீன் இருக்கிறது. வெப்பமான ஊர், முரட்டு மீன். பல்லால் தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு முன்னால் கம்பி கட்டியே ஆக வேண்டும். டிரவுட்டின் நிதானம் பிடிக்காதவர்கள் அந்தப் பக்கம் போகலாம். இந்தக் கட்டுரை டிரவுட் பயணத்தைப் பற்றியது.

மாதம்

தென்கோளம் என்பதால் பருவம் தலைகீழ். டிரவுட் பருவம் நவம்பர் தொடக்கத்தில் திறந்து ஏப்ரல் முடிவு வாக்கில் மூடுகிறது. சில நீர்நிலைகளுக்கு மட்டும் தேதி வேறு. நவம்பரில் பனி உருகி ஆறு பெருக்கெடுத்து ஓடும். டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி வரை ஆற்றங்கரை வில்லோ மரங்களிலிருந்து பச்சைப் புழுக்கள் தண்ணீரில் உதிரும். மீன்கள் அந்த மரத்தடியிலேயே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். பார்க்க வேடிக்கைதான், ஆனால் அந்த நேரத்தில் வேறு எந்தப் பொய் இரையையும் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜனவரியில் மாட்டு ஈக்களின் தொல்லை வேறு. பள்ளி விடுமுறை என்பதால் விடுதி வாடகையும் ஏறியிருக்கும்.

என்னைக் கேட்டால் மார்ச். காற்று அடங்குகிறது, கூட்டம் குறைகிறது, ஆறு தெளிந்து இறங்கிவிடுகிறது. மார்ச் கடைசியில் பெரிய பழுப்பு டிரவுட்கள் ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறத் தொடங்கும். மெண்டோசாவில் திராட்சை அறுவடையும் அந்தச் சமயத்தில்தான் நடக்கும். ஏப்ரலில் லெங்கா மரங்கள் சிவந்து காடே பற்றி எரிவது போல இருக்கும், ஆனால் காலையில் தூண்டிற்கோல் வளையங்களில் பனி உறையும்.

எத்தனை நாள், எந்த வரிசை

பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் மெண்டோசாவை விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் ஒயின் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் மெண்டோசாவின் நல்ல ஒயின் ஹுனினில் உள்ள சாதாரண உணவகத்திலும் கிடைக்கும். சிமேவின் ஆறு மெண்டோசாவுக்கு வராது.

பத்து நாளுக்கு மேல் இருந்தால் இந்த வரிசை சரியாக வரும்: புவெனஸ் ஐரிஸில் ஓர் இரவு, அப்புறம் நேரே படகோனியாவில் ஐந்தாறு இரவு, கடைசியாக மெண்டோசாவில் மூன்று இரவு. மீனை முன்னால் வைப்பதற்குக் காரணம் வானிலை. பலத்த மேற்குக் காற்றோ மழையோ ஒரு நாளைத் தின்றுவிட்டால் அதை ஈடுகட்ட இடம் இருக்க வேண்டும். ஒயின் தோட்டம் மழையிலும் திறந்திருக்கும். வாங்கும் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் அலைய வேண்டியதும் இல்லை. பாரிலோச்சேக்கும் மெண்டோசாவுக்கும் இடையே சாலை வழி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நேரடி விமானம் நீங்கள் போகும் நாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புவெனஸ் ஐரிஸ் வழியாகத்தான்.

தொடர்ந்து ஐந்து நாள் ஆற்றில் நிற்காதீர்கள். மூன்றாம் நாள் தோள் கெஞ்சும். நடுவில் ஒரு நாளை ஒதுக்கி, சான் மார்ட்டினிலிருந்து வில்லா லா அங்கோஸ்துரா வரை 110 கிலோமீட்டர் போகும் ஏழு ஏரிப் பாதையில் காரில் போய்வரலாம்.

விசா, விமானம், ஊசி, பணம்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு 2025-இல் சலுகை அறிவித்தார்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுகளுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவைப்படுவதில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புவெனஸ் ஐரிஸில் இரண்டு விமான நிலையங்கள். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் எசெய்சாவில் இறங்கும். உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் நகருக்குள் இருக்கும் ஏரோபார்க்கேயிலிருந்து கிளம்பும். இடையில் நகரமும் அதன் போக்குவரத்து நெரிசலும். இறங்கிய அன்றே தெற்குக்கு விமானம் போட்டுக்கொண்டால், முதல் விமானம் தாமதமாகும்போது எல்லாம் சரிந்துவிடும். அதனால்தான் அந்த ஓர் இரவு. ஹுனினுக்கும் சான் மார்ட்டினுக்கும் பக்கத்தில் இருப்பது சாபெல்கோ விமான நிலையம். அதில் இடம் கிடைக்கவில்லை என்றால் பாரிலோச்சே.

பலரும் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அர்ஜென்டினாவுக்குள் நுழைய அதைக் கேட்பதில்லை. ஆனால் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் அர்ஜென்டினா இருக்கிறது. பிரேசில், எத்தியோப்பியா போன்ற இடைவழி நாடுகளும் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தி வைக்க இடமுண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும்.

பணம் பெசோ. விலைவாசி வேகமாக மாறும் நாடு என்பதால் இங்கே விலை எழுதினால் படிக்கும்போது பழசாகியிருக்கும். உணவகத்திலும் கடையிலும் வெளிநாட்டு அட்டை செல்லும். மீன்பிடி வழிகாட்டிகள் டாலர் ரொக்கத்தையே விரும்புவார்கள். 100 டாலர் தாள்கள் புதிதாக, மடிப்பும் கிறுக்கலும் இல்லாமல் இருக்கட்டும். கசங்கிய தாளையும் சின்னத் தாளையும் மாற்றும்போது விலையைக் குறைப்பார்கள்.

உரிமம்

தூண்டிலைத் தண்ணீரில் போடும் முன் உரிமம் கையில் இருக்க வேண்டும். படகோனியா மாகாணங்களும் தேசியப் பூங்காத் துறையும் சேர்ந்து ஒரு பொது விதிப் புத்தகம் வெளியிடுகின்றன. உரிமத்தை இணையத்திலேயே வாங்கலாம். நாள், வாரம், பருவம் என்று வகை உண்டு. வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். படகை ஓட்டிக்கொண்டே பின்னால் இரையை இழுக்கும் டிரோலிங் முறைக்குத் தனியாகக் கூடுதல் அனுமதி. வாங்கும்போது நீங்கள் போகும் மாகாணத்துக்கும் பூங்காவுக்கும் அது செல்லுமா என்று பார்த்து வாங்குங்கள். அதே புத்தகத்தில் ஒவ்வோர் ஆற்றுக்கும் தனி விதி இருக்கும்: எங்கே ஃபிளை தூண்டில் (பொய்ப் பூச்சியை வீசிப் பிடிப்பது) மட்டும், எங்கே செயற்கை இரைக்கும் இடம், எங்கே ஒரு மீனை எடுத்துக்கொள்ளலாம் என்று. ஒரே ஆற்றில் பாலத்துக்கு மேலே ஒரு விதி, கீழே ஒரு விதி என்றும் வரும்.

ஆறு பொதுச் சொத்துதான். ஆனால் கரையை ஒட்டியிருக்கும் நிலம் பெரும்பாலும் எஸ்தான்சியா எனப்படும் பெரும்பண்ணைகளுக்குச் சொந்தம். வேலி தாண்டிக் குதித்துப் போகக் கூடாது. பாலத்தடியில், பூங்காவில், ஊர் எல்லையில் பொது வழிகள் இருக்கின்றன. வழிகாட்டியை அமர்த்துவதற்கு இதுவே பாதிக் காரணம். எந்தப் பண்ணையின் எந்த வாயில் வழியாக இறங்கலாம் என்பது அவருக்குத் தெரியும்.

கருவியும் சுத்தமும்

ஃபிளை தூண்டில் என்பது இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சியைக் கனமான நரம்பின் வீச்சால் தூரம் போட்டுப் பிடிக்கும் முறை. இதற்கு முன் செய்ததில்லை என்றால் பயணத்துக்கு முன் புல்தரையில் நின்று வீசிப் பழகுங்கள். முப்பது அடி நேராக விழுந்தால் போதும். காற்றில் அதுவே பெரிய விஷயம்.

ஒன்பது அடிக் கோல், எண் (கோல் தாங்கும் நரம்பின் கனத்தைக் குறிப்பது) 5 அல்லது 6. ஒன்றுதான் கொண்டுபோக முடியும் என்றால் 6, காற்றுக்கு அதுதான் தாங்கும். மிதக்கும் நரம்பு ஒன்று, நுனி மட்டும் மூழ்கும் நரம்பு ஒன்று. பொய்ப் பூச்சிகளில் கறுப்பு, ஆலிவ் நிற ஊலி பக்கர், ரப்பர் கால் வைத்த பெரிய மிதக்கும் பூச்சிகள், ஃபெசன்ட் டெயில் போன்ற சிறு நிம்ஃப்கள், அதாவது நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியின் உருவங்கள். மிச்சத்தை ஹுனின் கடைகளில் வாங்குவதே புத்திசாலித்தனம். பங்கோரா என்று சொல்லும் ஆற்று நண்டின் உருவத்தில் அங்கேயே கட்டி விற்பார்கள், பெரிய பழுப்பு டிரவுட்டுக்கு அது பிடித்த தீனி. தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்புறமாக நீட்டியிருக்கும் சிறு கொக்கி இருக்கக் கூடாது. இருந்தால் குறடால் நசுக்கிவிடுங்கள்.

கருவி எதுவும் இல்லாமல் போனாலும் குடி முழுகிவிடாது. பெரும்பாலான வழிகாட்டிகள் கோல், நீர்புகா உடை எல்லாம் தருவார்கள், முன்கூட்டியே கால் அளவைச் சொல்லிவிட வேண்டும்.

சொந்தக் காலணி கொண்டுபோகிறவர்கள் அடிப்பாகத்தைப் பாருங்கள். கம்பளிப் பட்டை ஒட்டிய காலணிக்கு அங்கே தடை. காரணம் டிடிமோ என்ற பாசி. 2010-இல் அர்ஜென்டினா ஆறுகளில் தென்பட்டது. ஈரமான காலணியின் நாரில் ஒட்டிக்கொண்டு ஆறு விட்டு ஆறு போய், கல்லையெல்லாம் பஞ்சு போலப் போர்த்திவிடும். ரப்பர் அடிக் காலணிதான் வேண்டும். ஒவ்வோர் ஆற்றிலிருந்தும் ஏறியதும் சேறு, இலை எல்லாம் தட்டி எடுத்து, 5 சதவீத உப்புக் கரைசலில் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். லிட்டருக்கு 50 கிராம் உப்பு. சில இடங்களில் இப்படிச் சுத்தம் செய்ததற்குச் சான்றும் கேட்பார்கள்.

சாலையில் போகும்போது படகோனியாவின் எல்லையில் தடுப்புச் சாவடி வரும். பழமும் பச்சை இறைச்சியும் உள்ளே விடமாட்டார்கள். கால்நடை நோயும் பழ ஈயும் தெற்கே வராமல் காக்க வைத்த ஏற்பாடு அது. காரில் இருக்கும் ஆப்பிளை அதற்கு முன்பே தின்றுவிடுங்கள்.

ஆற்றில் ஒரு நாள்

வழக்கம் இதுதான்: ஒரு ரப்பர் படகு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் துடுப்புப் போடும் வழிகாட்டி. கட்டணம் பெரும்பாலும் படகுக்குத்தான், தலைக்கு அல்ல. தனியாகப் போகிறவர் யாராவது கூட்டாளி கிடைக்கிறாரா என்று விசாரித்தால் பாதிப் பணம் மிச்சம். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியா என்று கேளுங்கள். பூங்காவுக்குள் அது கட்டாயம். பதிவு செய்யும்போதே மதியச் சாப்பாட்டில் என்ன, ஒயின் உண்டா, உரிமக் கட்டணம் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

காலை ஒன்பதுக்குக் கிளம்பினாலும் தாமதம் இல்லை. தண்ணீர் சூடேறினால்தான் மீன் சுறுசுறுப்பாகும். கரையோரக் கிளை நிழல், வேகமும் நிதானமும் சந்திக்கும் கோடு, பெரிய கல்லின் பின்புறம் ஆகிய இடங்களில் வீசச் சொல்வார். அவர் சொல்கிற இடத்தில் வீசுங்கள், அங்கே ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். மீன் மாட்டினால் நீளமாக ஆட்டம் காட்ட விடாமல் சீக்கிரம் அருகே கொண்டுவர வேண்டும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், உலர்ந்த கை அதன் மேல் பூச்சை உரித்துவிடும். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவைத் தயார் செய்துவிட்டு ஒரு நொடி மட்டும் மேலே தூக்குங்கள். தலையை நீரோட்டம் வரும் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தால் தானே துள்ளிப் போகும்.

மதியம் கரையில் படகை ஒதுக்கி, மேசை விரித்து, சின்னக் கம்பி அடுப்பில் இறைச்சி போடுவார். பாட்டில் ஆற்று நீரில் கிடந்து குளிர்ந்துகொண்டிருக்கும். இங்கே ஒரு கண்டிப்பு: மதியம் ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள். பனி உருகி வரும் தண்ணீர், வழுக்குக் கல், இடுப்பளவு ஆழம். நீர்புகா உடைக்கு மேல் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டாமல் இறங்கவே வேண்டாம், விழுந்தால் உடைக்குள் தண்ணீர் நிறையும்.

நீங்களாகப் போனால் தீ மூட்டும் முன் பூங்கா அறிவிப்பைப் பாருங்கள். கோடையில் பல இடங்களில் முழுத் தடை இருக்கும். 2025 கோடையில் லானின், நாவெல் உவாப்பி ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களிலும் பெருந்தீ பரவியது. அதன்பின் யாரும் இதில் சலுகை காட்டுவதில்லை. நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த மலைக் குடிலில் தங்க நேர்ந்தால், கதவு ஜன்னலைத் திறந்து காற்றோடவிட்டு அப்புறம் உள்ளே போங்கள். அந்தப் பகுதியில் காட்டெலி மூலம் பரவும் ஹன்டா வைரஸ் உண்டு.

டிசம்பரில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மாலை ஏழிலிருந்து இருட்டும் வரைதான் மீன் மேலே வந்து பூச்சி பிடிக்கும் நல்ல நேரம். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். அந்த நாட்டில் இரவு உணவே ஒன்பது, பத்து மணிக்குத்தான் ஆரம்பம்.

அசாதோ

அசாதோ என்றால் தணலில் சுட்ட இறைச்சி, அதைச் சுற்றிக் கூடும் கூட்டம் இரண்டும்தான். பரிஷா என்பது கம்பி அடுப்பு, அதை வைத்து நடத்தும் உணவகத்துக்கும் அதே பெயர். இரண்டையும் ஒருமுறையாவது அனுபவியுங்கள்: முதலில் உணவகம், அப்புறம் யாராவது வீட்டிலோ பண்ணையிலோ விடுதி முற்றத்திலோ.

உணவகத்தில் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். புதியவர் இந்த வழியில் போகலாம். தொடக்கத்துக்கு ப்ரோவொலேத்தா: வட்டமாக வெட்டிய பாலாடைக்கட்டியைத் தணலில் வைத்து, மேலே ஓரிகானோ தூவியது. கூட ஒரு சோரிசோ என்ற இறைச்சி சாசேஜ். உறுப்பு இறைச்சி பிடிக்கும் என்றால் மொஷேஹா, அதாவது கழுத்துச் சுரப்பி, வெளியே முறுகலும் உள்ளே வெண்ணெயும். சின்சுலின் என்பது சிறுகுடல், நன்றாக முறுகச் சுட்டதாகக் கேளுங்கள். அப்புறம் முக்கிய இறைச்சி. பிஃபே தெ சோரிசோ என்பது கொழுப்பு விளிம்பு வைத்த தடித்த முதுகுத் துண்டு. ஓஹோ தெ பிஃபே அதைவிடக் கொழுப்பு ஊடியது. லோமோ மென்மை, ஆனால் சுவை குறைவு. பணம் அதற்குத்தான் அதிகம் போகும், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அதற்குப் பதில் எந்த்ரான்யா என்ற உதரவிதானத் தசையைக் கேளுங்கள். மெல்லிசு, சாறு நிறைய, சீக்கிரம் வெந்துவிடும்.

வேக்காடு சொல்ல மூன்று சொற்கள் போதும். ஹுகோசோ என்றால் உள்ளே சிவப்பும் சாறும், அ பூந்தோ நடுத்தரம், பியென் கோசிதோ நன்றாக வெந்தது. சிவப்பாகப் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் அ பூந்தோவில் தொடங்கலாம். ஒரு துண்டு இரண்டு பேருக்குக்கூடப் போதும், பகிர்ந்து சாப்பிடுவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. பில்லில் மேசைக் கட்டணம் தனியாக இருக்கும். பணியாளருக்குப் பத்து சதவீதம் வைப்பது வழக்கம்.

வீட்டு அசாதோ வேறு உலகம். நேரம் நிறைய எடுக்கும். அவசரப்படுகிறவருக்கு அங்கே இடமில்லை. விடுதி முற்றத்தில் அடுப்பு இருந்து நீங்களே செய்ய ஆசைப்பட்டால், தலைக்கு அரைக் கிலோ கணக்கில் கசாப்புக் கடையில் வாங்குங்கள்: தீரா தெ அசாதோ எனப்படும் குறுக்கே அறுத்த விலா, வசியோ எனப்படும் வயிற்றுப் பக்கத் துண்டு, ஆளுக்கொரு சோரிசோ. விறகுக்கு கெப்ராச்சோ கிடைத்தால் சிறப்பு, கல் போன்ற மரம், கங்கு நெடுநேரம் நிற்கும்.

தீயை அடுப்பின் ஓரத்தில் மூட்ட வேண்டும், இறைச்சிக்கு நேர் கீழே அல்ல. விறகு எரிந்து சுடர் அடங்கிச் சாம்பல் பூத்த கங்கானதும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிக் கம்பிக்கடியில் பரப்புவார்கள். சுடர் இறைச்சியைத் தொடவே கூடாது. கம்பி உயரத்தில் கையைக் காட்டி ஏழெட்டு எண்ணும் வரை பொறுக்க முடிந்தால் விலாவுக்குச் சரியான சூடு. மசாலா எதுவும் இல்லை, கல் உப்பு மட்டும். விலாவை எலும்புப் பக்கம் கீழே வைத்து முக்கால்வாசி நேரம் அப்படியே விடுங்கள். எலும்பு சூடாகி உள்ளிருந்து வேகட்டும். கடைசியில் ஒருமுறை திருப்பினால் போதும். வசியோவைக் கொழுப்புப் பக்கம் கீழே. மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் சோரிசோ தயாராகிவிடும், ரொட்டியில் வைத்து நின்றபடியே சாப்பிடுவார்கள்.

சிமிசூரி என்பது பார்ஸ்லி, ஓரிகானோ, பூண்டு, மிளகாய்த்தூள், வினிகர், எண்ணெய் கலந்த தொட்டுக்கொள்ளும் சாறு. காரம் பெரிதாக இருக்காது. சோரிசோவுக்கு அது பொருத்தம், நல்ல விலாத் துண்டின் மேல் ஊற்றுவது எனக்குச் சம்மதமில்லை. தொட்டுக்கொள்ள இலைக்கோசு, தக்காளி, வெங்காயம். அவ்வளவுதான்.

யாராவது வீட்டுக்கு அழைத்தால் வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு பாட்டில் ஒயினோ ஐஸ்கிரீமோ வாங்கிப் போங்கள். அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் அசாதோர். அவருடைய தணலைக் கிளறுவதோ துண்டைத் திருப்பிப் பார்ப்பதோ பெரிய அத்துமீறல். பக்கத்தில் நின்று அவர் கோப்பையை நிரப்பலாம், அதற்கு நன்றி உண்டு. எல்லாம் ஒரே தட்டில் வராது, வெந்தது வெந்தபடி சுற்றுச் சுற்றாக வரும். முதல் சுற்றிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். நடுவில் யாராவது "அசாதோருக்கு ஒரு கைதட்டல்!" என்று ஸ்பானிய மொழியில் கத்துவார், எல்லோரும் தட்டுவார்கள், நீங்களும் தட்டுங்கள்.

படகோனியாவில் ஒன்றைக் கவனிப்பீர்கள். விலா எலும்பு அங்கே வடக்கைவிட விலை அதிகம். நோய்த் தடுப்புக்காக வடக்கிலிருந்து எலும்போடு இறைச்சி கொண்டுவர நீண்ட காலம் தடை இருந்தது, அண்மையில்தான் தளர்த்தினார்கள். அதனால் அந்த மண்ணின் உண்மையான விருந்து ஆட்டுக்குட்டி. முழு ஆட்டை இரும்புச் சிலுவையில் விரித்துக் கட்டி, தீயின் ஓரத்தில் சாய்த்து நட்டு, நாலைந்து மணி நேரம் வாட்டுவார்கள். மாடு சாப்பிடாதவர் கூட வந்தால் அவருக்கும் இதுவே வழி. அதை ஒருநாள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஒயின்

மால்பெக் பிரான்ஸின் திராட்சை. மிஷேல் எமே பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் 1853-இல் மெண்டோசாவுக்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டின் ஏப்ரல் 17-ஐ நினைவில் வைத்துத்தான் இன்று மால்பெக் நாள் கொண்டாடுகிறார்கள். மெண்டோசா கிட்டத்தட்டப் பாலைவனம். ஆண்டிஸ் பனி உருகி வரும் வாய்க்கால் நீரில்தான் கொடி வளர்கிறது. உயரமும் சுள்ளென்ற வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து தோலைத் தடிமனாக்கிக் கருஞ்சிவப்பைக் கொடுக்கின்றன. அதன் துவர்ப்பு, விலாக் கொழுப்பை நாக்கிலிருந்து வழித்துவிடும். இரண்டும் சேர்வதன் ரகசியம் அவ்வளவுதான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மால்பெக் குடிக்க வேண்டியதில்லை. ப்ரோவொலேத்தாவோடு தொர்ரொந்தேஸ் என்ற மணமுள்ள வெள்ளை ஒயின் நன்றாக இருக்கும். சோரிசோவுக்கு பொனார்தா, எளிமையானது, விலையும் குறைவு. ஆட்டுக்குட்டிக்கு ரியோ நெக்ரோ பள்ளத்தாக்கின் பினோ நுவார். படகோனியாவிலேயே விளைகிறது, உம்பெர்த்தோ கனாலே என்ற தோட்டம் 1909-இலிருந்து அங்கே இருக்கிறது. மீன்பிடி ஊரிலிருந்து மெண்டோசா போக முடியாதவர்கள் நெவுக்கேன் மாகாணத்திலேயே சான் பத்ரீசியோ தெல் சஞ்யார் தோட்டங்களைப் பார்க்கலாம். சாதாரண சாப்பாட்டு மேசையில் ஒயினில் சோடாவோ பனிக்கட்டியோ போட்டுக்கொள்வதை அங்கே யாரும் குறையாகப் பார்ப்பதில்லை, விலையுயர்ந்த பாட்டிலில் மட்டும் வேண்டாம்.

மெண்டோசா போனால் ஒரு நாளைக்கு மூன்று தோட்டத்துக்கு மேல் வைக்காதீர்கள். நாலாவதில் நாக்கு மரத்துவிடும். லுஹான் தெ குஷோ மெண்டோசா நகருக்குப் பக்கம், பழைய கொடிகள். உக்கோ பள்ளத்தாக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூரம், உயரம் அதிகம், பின்னணியில் பனிமலை. இரண்டையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம். முன்பதிவு இல்லாமல் வாயிலில் போய் நின்றால் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். ஞாயிறு மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மதிய விருந்தோடு சேர்த்துப் பதிவு செய்தால் ஒவ்வொரு கறிக்கும் ஒவ்வோர் ஒயின் வரும், துப்புவதற்குக் கிண்ணமும் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டாம். மார்ச் முதல் வார வாக்கில் அறுவடைத் திருவிழா நடக்கும். அந்த வாரம் அறை கிடைப்பது கடினம்.

காரை நீங்களே ஓட்டாதீர்கள். 2023-இல் வந்த தேசியச் சட்டத்தின்படி வண்டி ஓட்டுகிறவர் இரத்தத்தில் மது அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். இது ஆற்றங்கரை மதியக் கோப்பைக்கும் சேர்த்துத்தான். தோட்டம் சுற்ற நாள் வாடகைக்கு ஓட்டுநரோடு கார் கிடைக்கும், விடுதியிலேயே ஏற்பாடு செய்வார்கள்.

திரும்பும்போது பாட்டில்கள் பதிவுப் பெட்டிக்குள்தான் போக வேண்டும். தோட்டங்களில் தடித்த அட்டைப் பெட்டி விற்பார்கள், நீர்புகா உடையில் சுற்றி வைத்தாலும் உடையாது, ஆனால் அந்த உடை முழுக்க உலர்ந்திருக்கட்டும். இந்தியாவுக்குத் தலைக்கு 2 லிட்டர் வரை சுங்கம் கிடையாது. அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவதை எடுத்துக்கொண்டால் வரி கட்டத் தயாராக இருங்கள், அல்லது கடைசி இரவே திறந்துவிடுங்கள்.